பன்னிரண்டாம் போர்ட்

"அப்படி ஒரு அழைப்பே வரலம்மா" என்று பதினோராவது திங்கட்கிழமையும் தேசம்மாவிடம் சொன்னார்கள்.

சொன்னவர் தென் மண்டல வலைப்பின்னல் அலுவலகத்தின் புகார்ச் சன்னலில் உட்கார்ந்திருந்த ஊழியர். கெட்டவர் இல்லை. கணினியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பதினொன்று ஏழுக்கு, எழில்மேடு குடியிருப்பு எஃப் பிளாக் நானூற்று மூன்றாம் வீட்டிலிருந்து, ஆம்புலன்சுக்கு எந்த அழைப்பும் வந்ததாகப் பதிவு இல்லை.

தேசம்மா நகரவில்லை. மெட்ரோ நிலையத்தில் துப்புரவு வேலை பார்க்கிறவள். நீலச் சீருடைச் சேலையோடு நேராக வந்திருந்தாள். சன்னல் பலகையின் மேல் ஒரு கறுப்புக் கைப்பட்டையை வைத்தாள். ஆற்றோரத்திலிருந்து அப்புறப்படுத்தி எழில்மேட்டு அடுக்குமாடிகளில் குடியமர்த்திய எல்லாக் குடும்பங்களுக்கும் மாநகராட்சி இலவசமாகக் கொடுத்த பட்டை அது. நெஞ்சு வலித்தாலும் தீப்பிடித்தாலும் நடுவிலிருக்கும் பொத்தானை அமுக்கினால் போதும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"நான் அமுக்கினேன் சார். மஞ்ச லைட்டு எரிஞ்சிது. எங்க ஊட்டுக்காரு நெஞ்ச புடிச்சிக்கினு கெடக்காரு. நான் சன்னலாண்ட நின்னுக்கினு ரோட்டையே பாத்துக்கினு இருந்தேன். ஒண்ணேகால் மணி நேரம். அப்பால ஆட்டோ புடிச்சி இட்டுக்கினு போனேன். வழியிலயே பூட்டாரு. நான் அமுக்கலன்னு நீ எப்படி சொல்ற?"

"நீங்க அமுக்கலன்னு சொல்லலம்மா. எங்களுக்கு வரலன்னு சொல்றேன்."

"அப்ப அது எங்க போச்சி?"

கையில் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த தமயந்தி நின்றுவிட்டாள். அவள் அந்த மண்டலத்தின் ஸ்விட்ச் அறைப் பொறியாளர். நாற்பத்து நான்கு வயது, பன்னிரண்டு ஆண்டு அனுபவம். வலைப்பின்னலுக்குள் வந்த எதுவும் காற்றில் கரைவதில்லை. போய்ச் சேர்ந்திருக்கும், அல்லது எங்கேயோ விழுந்திருக்கும். எங்கே போயிற்று என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம். இந்தப் பெண் அதே கேள்வியைப் பதினோரு வாரமாகத் தவறான சன்னலில் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"அந்தப் பட்டையக் குடுங்கம்மா" என்றாள் தமயந்தி. "என் கூட வாங்க."

வெளியாட்களை ஸ்விட்ச் அறைக்குள் அழைத்துப் போகக் கூடாது. அழைத்துப் போனாள்.

உள்ளே குளிர். ஆள் உயர இரும்பு அலமாரிகளில் பச்சை விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. தேசம்மா முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். தமயந்தி பட்டையைக் கணினியோடு இணைத்து அதன் நினைவகத்தைப் படித்தாள். அன்று 11:07க்கு ஒரு தடவை, நான்கு வினாடி கழித்து ஒரு தடவை, இன்னும் ஏழு வினாடி கழித்து ஒரு தடவை. மூன்று முறை அனுப்பியிருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டது.

"பட்டை அனுப்பியிருக்கும்மா. நீங்க சரியாத்தான் அமுக்கியிருக்கீங்க."

"இந்தப் பொட்டிக்குள்ள இன்னா கீது?"

"நீங்க அனுப்பற செய்தி ஒரு சின்னக் கடுதாசி மாதிரி இங்க வரும். யார் அனுப்புனது, யாருக்குப் போகணும்னு மேல விலாசம் இருக்கும். உள்ள ஒரு சிப் இருக்கு. அது கடுதாசியப் பிரிச்சுப் படிக்காது. விலாசத்த மட்டும் பாத்து, எந்த வாசல் வழியா வெளிய தள்ளணும்னு முடிவு பண்ணும். ஒரு வினாடிக்கு நூறு கோடி கடுதாசி."

"அம்மாடி! அதுக்கு அசதியே வராதா?"

"அசதி வராது. இடம் பத்தாமப் போகும். ஒரே வாசலுக்கு நெறைய வந்துட்டா வரிசைல நிக்க வைக்கும். வரிசையும் ரொம்பிடுச்சுன்னா..." தமயந்தி தயங்கினாள்.

"ரொம்பிச்சின்னா?"

"ஒண்ண எடுத்துக் கீழ போட்டுடும்."

தேசம்மா அந்த விளக்குகளைப் பார்த்தாள். "யாரோடத போடும்?" என்றாள்.

பழைய சிப்பாக இருந்தால் தமயந்தி உடனே பதில் சொல்லியிருப்பாள்: கடைசியாக வந்தவருடையதை. போன ஆண்டு நகரம் முழுவதும் பொருத்திய புதிய சிப்பின் பெயர் துரிதா. அது தானாகக் கற்றுக்கொண்டு வேலை செய்வது. யாருடையதைப் போடும் என்று அவளுக்கே தெரியாது. கீழே போட்ட ஒவ்வொன்றின் விலாசத்தையும் நேரத்தையும் அது எழுதி வைக்கும். அந்தப் பட்டியலைத் திறக்க இதுவரை யாருக்கும் அவசியம் வந்ததில்லை. தமயந்தி திறந்தாள்.

எழில்மேட்டின் கம்பி வந்து சேரும் இடம் பன்னிரண்டாம் போர்ட். மண்டலத்தின் மொத்தப் போக்குவரத்தில் அங்கிருந்து வருவது நூற்றுக்கு நான்கு. கீழே விழுந்தவற்றில் பன்னிரண்டாம் போர்ட்டின் பங்கு நூற்றுக்கு அறுபத்தொன்று. பிப்ரவரி ஒன்பதாம் தேதிக்குப் போனாள். 11:07. மூன்று வரிகள். அந்தப் பட்டையின் விலாசம்.

"வந்திருக்கும்மா. மூணும் இங்க வந்திருக்கு. இங்கதான் விழுந்திருக்கு."

தேசம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "பதினோரு வாரமா இவங்க சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு சந்தேகம் வந்துட்டுது மேடம். பதட்டத்துல ஒழுங்கா அமுக்காம உட்டுட்டனோன்னு. அந்த மனுசன நான்தான் கொன்னுட்டனோன்னு."

அன்று மதியம் தமயந்தி நவநீதனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். கல்லூரியில் உடன் படித்தவன். துரிதாவை வடிவமைத்த நிறுவனத்தில் இப்போது வேலை.

"யாருடா இந்த விதிய எழுதினது?"

"யாரும் எழுதல. அதான் துரிதாவோட பெருமையே. நெரிசலக் குறைன்னு ஒரே ஒரு இலக்கு குடுத்தோம். மத்ததெல்லாம் அதுவே பாத்துக் கத்துக்கிச்சு."

"எதப் பாத்து?"

"கீழ போட்டதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு பாத்து. பெரிய அபார்ட்மெண்ட்ல ஒருத்தர் படம் பாக்கறாருன்னு வை. அவரோடத ஒண்ணு போட்டா அவர் ஃபோன் விடாம திரும்பத் திரும்ப அனுப்பும். நெரிசல் கூடத்தான் செய்யும். வேற சில பேரோடதப் போட்டா திரும்ப வரவே வராது. நெரிசல் நிஜமாவே குறையும்."

"திரும்ப வராதுன்னா?"

"மறுபடி கேக்க மாட்டாங்க. அந்த மலிவுப் பட்டை பேட்டரிய மிச்சம் பண்ண மூணு தடவையோட நிறுத்திடும். அதக் கட்டியிருக்கறவங்களும் இன்னொரு தடவ அமுக்க மாட்டாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "அழுத பிள்ளைக்குப் பால்னு சொல்றோம்ல. அழாத பிள்ளைக்கு என்ன பண்ணணும்னு அது கத்துக்கிச்சு."

"ஆம்புலன்சுக்குத் தனி வரிசை இருந்துச்சே?"

"பழைய சிப்ல இருந்துச்சு. பாதி நேரம் காலியாக் கிடக்கு, வீண்னு உங்க ஆளுங்கதான் எடுக்கச் சொன்னாங்க."

"சரி, இப்ப மாத்து."

"உள்ள கைய வச்சு மாத்த முடியாது தமயந்தி. அது என்ன பாக்குதோ அதத்தான் கத்துக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, அதையே மறுபடி, நிதானமாகச் சொன்னான். "என்ன பாக்குதோ அதத்தான் கத்துக்கும்." பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

தமயந்தி நான்கு பக்க அறிக்கை எழுதி மண்டலத் தலைவர் சௌந்தரபாண்டியனின் மேசையில் வைத்தாள். அவர் முதல் பக்கத்தைத்தான் படித்தார்.

"ஊரு முழுக்க நெட் வேகம் முப்பது சதவீதம் கூடியிருக்கு. மந்திரி மேடையில சொல்லியாச்சு. எழில்மேட்டுல இருந்து இதுவரைக்கும் எத்தனை புகார் வந்திருக்கு?"

"ஒண்ணு சார்."

"நாலாயிரம் வீடு. ஒரே ஒரு புகார். இதுக்குப் போயி ஒப்பந்தத்தக் கிண்டச் சொல்றீங்களா?"

"கேக்காதவங்களாப் பாத்துத்தான் சார் அது கீழ போடுது. அவங்க கேக்கலையேன்னு நீங்களும் சொன்னா எப்படி?"

அவர் அறிக்கையைக் கவிழ்த்து வைத்தார். "ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு. சிப்பு கத்துக்கறதுல எந்தப் பொறியாளரும் தலையிடக் கூடாது. போயி வேலையப் பாருங்க தமயந்தி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் எழில்மேட்டுக்குப் போனாள்.

பதினான்கு மாடிக் கட்டடங்கள் இருபத்திரண்டு. லிஃப்ட் ஓடியது மூன்றில். தேசம்மா தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அறுபது எழுபது பேரைக் கூட்டி வைத்திருந்தாள். சிப்பைப் பற்றியும் பட்டியலைப் பற்றியும் தமயந்தி எதையும் மறைக்காமல் சொன்னாள். போன ஓராண்டில் இந்தக் குடியிருப்பிலிருந்து விழுந்த அவசர அழைப்புகள் நூற்றுப் பதினேழு என்றும் சொன்னாள். ஆளாளுக்கு ஏதோ ஒரு நாளை நினைத்துப் பார்த்தார்கள். ஒரு பெண் எழுந்து, தன் மருமகளுக்கு மாடிப்படியிலேயே பிரசவமான தேதியைச் சொல்லி அதுவும் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது.

"அந்தப் பட்டைய மாத்த என்னால முடியாது. சிப்பையும் மாத்த முடியாது. ஆனா அது பாத்துக் கத்துக்கற ஜாதி. நீங்க விடாமக் கேக்கறவங்கன்னு அதுக்குக் காட்டிட்டோம்னா உங்களோடதப் போடாது."

"ஆம்புலன்ஸ சும்மா சும்மா கூப்டா கேஸ் போடுவாங்களே?" என்றாள் ஒருத்தி.

"கூப்பிட வேணாம். பொத்தானை அஞ்சு எண்ற வரைக்கும் அமுக்கிப் புடிச்சா சோதனை அழைப்பு போகும். அதே வழில போகும், ஆம்புலன்சுக்குப் போகாது, யாருக்கும் தொந்தரவு இல்ல. போய்ச் சேந்துச்சுன்னா பச்சை எரியும். மஞ்சளோட நின்னுச்சுன்னா மறுபடி அமுக்குங்க. பச்சை வர்ற வரைக்கும் விடாதீங்க. இது தெரிஞ்சா என் வேலை போகும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

தையல் கடை வைத்திருந்த கலீல் பாய் தலையை ஆட்டினார். "சரிப்பட்டு வராது மேடம். நாங்க ஒரு தபா கேப்போம். குடுக்கலியா, அவ்ளோதான். ரெண்டாவது தபா போயி நின்னா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும். ஆத்தோரத்துல எங்க ஊடு இடிக்கறப்பவே தெரிஞ்சிக்கினோம்."

"எவன் மூஞ்சி பாய்?" என்று தேசம்மா திரும்பினாள். "சிப்புக்கு மூஞ்சியா கீது? அது உன்ன மொறைக்கப் போவுதா? நான் பதினோரு வாரம் போயி நின்னேன். கால்தான் வலிச்சிது. ஒண்ணும் தேஞ்சி பூடல. அமுக்கு."

யாரோ சிரித்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைத் தமயந்தி நடத்தவில்லை. பிளாக்குக்கு இரண்டு பேர் என்று பெண்களே பிரித்துக்கொண்டார்கள். தினமும் காலை பத்து மணி என்று வைத்தார்கள்.

முதல் நாள் எழுநூறு பேர் அமுக்கினார்கள். இருநூற்றுச் சொச்சம் பேருக்குத்தான் ஒரே அமுக்கில் பச்சை வந்தது. மற்றவர்கள் மறுபடி அமுக்கினார்கள், மறுபடி. மாவு பிசைந்த கையோடு முழங்கையால் அமுக்கியவர்கள் உண்டு. ஹெச் பிளாக் பதினான்காம் மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு பெரியவர் முப்பத்தொரு தடவை அமுக்கி, பச்சை வந்ததும் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் பாதிப் பேர் சலித்துப் போனார்கள். தேசம்மா வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு மாடியாக ஏறிக் கதவைத் தட்டினாள். நான்காம் நாள் இரண்டாயிரம் பேர்.

ஸ்விட்ச் அறையில் தமயந்தி தினமும் பத்தேகாலுக்குப் பட்டியலைத் திறப்பாள். பன்னிரண்டாம் போர்ட், நூற்றுக்கு அறுபத்தொன்று. ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு. நாற்பத்து நான்கு. அந்த வெள்ளிக்கிழமை இருபதுக்கு இறங்கியபோது அவள் எழுந்து, ஆளில்லாத அறையில், அலமாரியின் இரும்புக் கதவை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பதினோராம் நாள் எழில்மேட்டில் அமுக்கிய அத்தனை பேருக்கும் முதல் அமுக்கிலேயே பச்சை எரிந்தது. அந்த வாரமே பி பிளாக்கில் சமையல் எரிவாயு தீப்பிடித்து ஒரு பெண் பொத்தானை அமுக்கினாள். ஒன்பது நிமிடத்தில் வண்டி வந்தது. குடியிருப்பே கீழே இறங்கி நின்று அந்த வண்டியைப் பார்த்தது.

நிறுவனம் விழித்துக்கொள்ளப் பதினைந்து நாள் பிடித்தது. நகரத்தின் இணைய வேகம் அரை சதவீதம் குறைந்திருந்தது. எங்கே என்று தேடினார்கள். கண்டுபிடித்தார்கள். தமயந்தியின் பெயரைக் குறிப்பிட்டு, நகரக் கட்டமைப்பின் மீது திட்டமிட்ட தாக்குதல் என்று எழுதினார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு. தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர், வெள்ளை முடியும் தடித்த கண்ணாடியுமாக ஒரு பெண்மணி. அறைக்கு வெளியே சௌந்தரபாண்டியன் தமயந்தியைத் தனியாக அழைத்தார்.

"பட்டை ஒழுங்கா வேலை செய்யுதான்னு சோதிக்கச் சொன்னேன், இப்படி ஆகும்னு தெரியாதுன்னு சொல்லிருங்க. திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மாறுதலோட முடிச்சிரலாம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் உண்மையிலேயே நல்லதுக்குத்தான் சொன்னார். தமயந்திக்கு அது தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டு வேலை. மகளுக்குக் கல்லூரியில் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கி. உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"சிப் கற்றுக்கொள்வதை மாற்றும் நோக்கத்தோடுதான் அந்த மக்களை அமுக்கச் சொன்னீர்களா?" என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டார்.

"ஆமா. தெரிஞ்சுதான் சொன்னேன். நாளைக்கு இன்னொரு இடத்துல இப்படி நடந்தாலும் சொல்லுவேன்."

சாட்சியாகத் தேசம்மாவைக் கூப்பிட்டார்கள். அதே நீலச் சீருடை. நாற்காலியில் உட்கார மறுத்து நின்றாள்.

"உங்களைத் தூண்டிவிட்டது யார்?"

"யாரும் தூண்டல. பொத்தான் நீங்க குடுத்தது. அமுக்கறதுக்குத்தான குடுத்தீங்க?"

"தேவையில்லாமல் பல ஆயிரம் தடவை அமுக்கியிருக்கிறீர்கள்."

"தேவைக்கு அமுக்கினப்ப நீங்க எடுக்கலியே சார்."

வழக்கறிஞர் காகிதங்களைப் புரட்டினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க. அன்னிக்கி நான் கூப்ட்டேன்னு. வரவே இல்லன்னு உங்க கம்ப்யூட்டர்ல கீது பாருங்க, அத மாத்தி எழுதிக் குடுங்க."

மாலைக்குள் இரண்டு உத்தரவுகள் வந்தன. தமயந்தி பணியிடை நீக்கம். தேசம்மாவுக்கு முத்திரையிட்ட ஒரு தாள்: எஃப் பிளாக் 403 வீட்டின் அழைப்பு பிப்ரவரி ஒன்பதாம் தேதி 11:07க்கு வந்து சேர்ந்தது, மேலே அனுப்பப்படவில்லை. தேசம்மா எழுத்துக் கூட்டி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அடையாள அட்டையை ஒப்படைக்கும் முன் தமயந்தி ஸ்விட்ச் அறைக்குப் போனாள். தன் கோப்பையையும் சால்வையையும் எடுத்துக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். பழக்க தோஷத்தில் பட்டியலைத் திறந்தாள். பன்னிரண்டாம் போர்ட், நூற்றுக்கு இரண்டு. மனம் நிறைந்தது. பிறகு மொத்தக் கணக்கைப் பார்த்தாள். விழுவது குறையவே இல்லை. முன்பு எவ்வளவோ அவ்வளவே இன்றும் விழுந்திருந்தது. விரலால் ஒவ்வொரு வரியாக இறங்கி வந்தாள். முப்பத்தோராம் போர்ட், நூற்றுக்கு ஐம்பத்தொன்பது.

முப்பத்தொன்று எந்த இடம் என்று அவளுக்கு மனப்பாடம். கல்லேரி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கட்டடத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் தகரக் கொட்டகைகள். ஒன்பதாயிரம் பேர். அவர்களுக்கும் அதே கறுப்புப் பட்டைதான். ஒருவர் தலையிலிருந்து இறக்கிய சுமையை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டாள்.

வாசலில் தேசம்மாவும் கலீல் பாயும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஒரு பெண் பூ வாங்கி வைத்திருந்தாள். தமயந்தி சொல்லாமலே போயிருக்கலாம். சொன்னாள்.

பாய்தான் முதலில் பேசினார். "உடுங்க மேடம். உங்க வேலையே பூட்டுது. எங்களுக்கு வந்துட்டுது, அது போதும். அவங்க பாடு அவங்க பாத்துக்குவாங்க."

"எங்கயாவது விழுந்துதான் ஆகணும் பாய். இருக்கற இடம் அவ்ளோதான். வேற யாராவது கேக்காம இருந்தா அவங்க தலைல விழும்."

தேசம்மா எதிரே ஓடும் வண்டிகளைப் பார்த்தபடி நின்றாள். "எல்லாருமே உடாம கேட்டா இன்னா ஆவும்?"

இதை நவநீதன்கூட யோசித்திருக்க மாட்டான் என்று தமயந்திக்குத் தோன்றியது. நின்று நிதானமாக யோசித்தாள்.

"கீழ போட ஆள் கெடைக்காது. யாரோடதப் போட்டாலும் திரும்பி வரும். சிப்புக்கு மூச்சு முட்டும். மொத்த ஊரும் தேங்கி நின்னுடும். அப்ப அந்தத் தனி வரிசையத் திரும்பக் குடுத்துத்தான் ஆகணும். கம்பியும் கூட இழுத்துத்தான் ஆகணும். வேற வழியே இருக்காது."

"அப்ப நிக்கட்டும்" என்றாள் தேசம்மா.

"அவங்க பேசறது இந்தி, ஒடியா. நம்ம பேச்சு அவங்களுக்கு..."

"அமுக்கறதுக்கு இன்னாத்துக்கு பேச்சு? கைய புடிச்சி காட்டினா தெரிஞ்சிக்கினு போறாங்க. கல்லேரிக்கு எந்த பஸ்ஸு?"

யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. நின்ற இடத்திலேயே விவாதம் நடந்தது. பூ வைத்திருந்த பெண் அதைத் தமயந்தியின் கையில் திணித்துவிட்டு, நாளைக்கு அடுப்பு வேலையை யார் பார்ப்பது என்று முணுமுணுத்தாள். முணுமுணுத்துக்கொண்டே அவளும் கூட்டத்தோடு நிறுத்தத்துக்கு நடந்தாள். கலீல் பாயும் பின்னால் வந்தார். தூரத்தில் ஒரு பேருந்து திரும்பியது. கல்லேரி என்ற பலகையை முதலில் படித்தவர் அவர்தான். சாலைக்கு நடுவே இறங்கி, இரண்டு கையையும் அகல விரித்து, அதை நிறுத்தினார்.